கால்கள் சுமக்கும் கணக்கு

(மூன்றாமாண்டு இளமறிவியல், இயற்பியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முன்னோர் மொழி. அந்தச் சுவரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இன்று பலருக்கும் வந்திருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு நம் கல்லூரித் திடலுக்கு வந்து பார்ப்பவர்கள் இதனைக் கண்கூடாகக் காணலாம். காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் மாணவர்கள் ஓடுகிறார்கள். பேராசிரியப் பெருமக்கள் சிலர் கைகளை வீசி நடக்கிறார்கள். மாணவியர் சிலர் கயிறு தாண்டுகிறார்கள். தொலைவிலிருந்து வரும் நண்பர்களோ சைக்கிள் மிதித்தே கல்லூரிக்கு வந்து சேருகிறார்கள். எல்லோர்க்கும் வேர்க்கிறது, எல்லோர்க்கும் மூச்சு வாங்குகிறது. ஆனால் எல்லோருடைய கால்களும் ஒரே சுமையைத் தாங்குகின்றனவா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் விடுதி நண்பன் ஒருவன் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஓட்டத் தேர்வுக்கு ஐந்து வாரங்களே இருந்தன. அதுவரை ஓடிப் பழகாதவன், நாள்தோறும் தார்ச்சாலையில் ஆறு கிலோமீட்டர் ஓடத் தொடங்கினான். நான்காம் வாரம் கணைக்காலில், அதாவது முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடையே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பில், ஓரிடத்தில் விரல் வைத்தாலே துடிக்கும் வலி வந்தது. எலும்பில் மயிரிழை போன்ற கீறல் என்றார் மருத்துவர். தேர்வு நாளன்று அவன் கட்டிலில் இருந்தான். அதே மாதம் ஊரில் என் அத்தைக்கு முழங்கால் வலி என்று கேட்டு, “இனி நடக்கவே கூடாது” என்று அண்டை வீட்டார் அறிவுரை கூறியிருந்தார்கள். அத்தையும் உட்கார்ந்துவிட்டார். ஒருவன் சுமையின் அளவு அறியாமல் ஓடினான். மற்றொருவர் சுமை என்ற சொல்லைக் கேட்டே அஞ்சி ஓய்ந்தார். இருவர்க்கும் வேண்டியிருந்தது ஒரு சிறு கணக்குத்தான். இயற்பியல் படிக்கும் நாம் அதனைப் போட்டுப் பார்த்தால் என்ன?

இதயத்திற்குத் தெரியாதது

நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல், ஸ்கிப்பிங் போன்றவற்றை ஏரோபிக் பயிற்சிகள் என்பர். பெரிய தசைகள் நெடுநேரம் சீராக இயங்குவதும், அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் தொடர்ந்து வழங்குவதும் இவற்றின் இயல்பு. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை மருத்துவரான கென்னத் கூப்பர் வெளியிட்ட நூலால் இச்சொல் உலகெங்கும் பரவியது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

இதயத்தைப் பொறுத்தவரை எந்தப் பயிற்சி என்பது பெரிதன்று. தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. இதயம் இரத்தத்தை அனுப்புகிறது. கேட்பவை ஓடும் கால்களா, நீந்தும் கைகளா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் எலும்பும், மூட்டும், குருத்தெலும்பும் அப்படியல்ல. அவற்றுக்கு ஒவ்வொரு பயிற்சியும் வேறு வேறு. ஒரே அளவு மூச்சு வாங்கும் இரண்டு பயிற்சிகளில் கால்களின் சுமை பல மடங்கு வேறுபடலாம்.

தரையின் கணக்கு

நாம் தரையை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறோமோ அதே அளவு விசையுடன் தரையும் நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இரு கால்களில் அசையாமல் நிற்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஒவ்வொரு பாதத்திலும் தரை 30 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தாங்குகிறது. (விசையை நியூட்டனில் கூறுவதே முறையெனினும், பிற துறை நண்பர்களுக்கும் விளங்கும் பொருட்டு இக்கட்டுரை முழுதும் கிலோ எடையிலேயே கூறுகிறேன். 60 கிலோ மனிதரையே எல்லாக் கணக்குக்கும் எடுத்துக்கொள்கிறேன்.)

இனி ஓர் எளிய உண்மை. ஒருவர் சமதரையில் பத்து நிமிடம் நின்றாலும், நடந்தாலும், ஓடினாலும், குதித்தாலும், அந்தப் பத்து நிமிடத்தில் தரை அவரை மேல்நோக்கித் தள்ளிய விசையின் சராசரி அவருடைய எடைக்குச் சமமாகவே இருக்கும். கூடுதலாக இருந்தால் அவர் மேலே பறந்து போயிருப்பார். குறைவாக இருந்தால் தரைக்குள் இறங்கியிருப்பார். ஆகவே காற்றில் இருக்கும் நேரத்தில் தரை கொடுக்காத விசையை, தரையில் இருக்கும் நேரத்தில் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். இரண்டு மாத விடுதிச் சாப்பாட்டுப் பாக்கியை மூன்றாம் மாதம் மொத்தமாகக் கட்டுவது போன்றது இது.

நடையில் பாக்கி ஏதும் விழுவதில்லை. ஒரு கால் எழும்புமுன் மறுகால் தரையைத் தொட்டுவிடுகிறது; எப்போதும் ஒரு பாதமேனும் தரையில் இருக்கிறது. எனவே நடையில் ஒரு பாதத்தின் உச்ச விசை எடையைப் போல் 1.1 முதல் 1.3 மடங்குதான். நம் 60 கிலோ மனிதருக்கு 66 முதல் 78 கிலோ.

ஓட்டத்தில் நிலைமை மாறுகிறது. அண்மை ஆண்டுகளின் தமிழகக் காவலர் தேர்வு அறிவிப்புகளில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும் என்றிருக்கிறது. இது விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மீட்டர் வேகம். இவ்வேகத்தில் மொத்த நேரத்தை நூறு பங்காக்கினால் ஒவ்வொரு பாதமும் ஏறத்தாழ 35 பங்கு நேரமே தரையில் இருக்கும். இரு பாதங்களுக்குமாக 70 பங்கு. மீதி 30 பங்கு உடல் காற்றில். எனவே தரையைத் தொடும் நேரத்துச் சராசரி விசை எடையைப் போல் 100/70, அதாவது 1.43 மடங்கு. இதுவும் சராசரிதான். பாதம் பதியும்போது விசை சுழியிலிருந்து ஏறி, உச்சம் தொட்டு, மீண்டும் சுழிக்கு இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சைன் வளைவின் அரைப்பகுதியாகக் கொண்டால் உச்சம் சராசரியைப் போல் 1.57 மடங்கு. பெருக்கினால் 2.2 மடங்கு வருகிறது. அதாவது 135 கிலோ. ஆய்வுக் கூடங்களில் விசைப்பலகைமீது ஓடவிட்டு அளந்தவர்களும் 2 முதல் 3 மடங்கு வரை என்றே கண்டிருக்கிறார்கள். வேகம் கூடிப் பாதம் தரையில் இருக்கும் நேரம் 25 பங்காகக் குறைந்தால், இதே கணக்கின்படி உச்ச விசை 3.1 மடங்கு. ஒரு மூட்டைக்கு 75 கிலோ என்று கொண்டால், ஒவ்வோர் அடியிலும் இரண்டரை அரிசி மூட்டை ஒற்றைக் காலில்!

ஸ்கிப்பிங் பற்றிய கணக்கு எனக்கே வியப்பளித்தது. குதிப்பது ஓடுவதைவிடக் கடுமையானது என்றே பலரும் எண்ணுகிறோம். இரு கால்களையும் சேர்த்து நிமிடத்திற்கு 120 முறை தாண்டும் ஒருவர் பாதி நேரம் காற்றில் இருக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் கால் விநாடி காற்றில். அப்படியானால் அவர் எழும்பும் உயரம் 7.7 சென்டிமீட்டர். தரையில் இருக்கும்போது சராசரி விசை 2 மடங்கு, உச்சம் 3.1 மடங்கு. ஆனால் அதை இரு பாதங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரு பாதத்திற்கு 1.6 மடங்கு, 94 கிலோதான். ஓடுபவரின் 135 கிலோவைவிட இது குறைவு. கயிறு காலடியில் நுழைய இவ்வளவு உயரமே தேவையில்லை. தாழ்வாகத் தாண்டினால் இன்னும் குறையும். உயரம் தாண்டிக் காட்டுவதால் கைதட்டல் கிடைக்கலாம். மூட்டுக்கு நன்மை இல்லை. ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தாண்டினால் பகிர்வு போய்விடும். அது ஓட்டத்துக்குச் சமமாகிவிடும். இசைக்கேற்ப ஆடும் ஏரோபிக் நடனத்தில், ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கும்படி அமைத்த வகையை மென்தாக்கு வகை என்று தனியாகப் பிரித்ததும் இதே காரணத்தால்தான்.

எடையை வேறொருவர் சுமந்தால்

சைக்கிளில் உடலின் எடையைப் பெரும்பாலும் இருக்கை சுமக்கிறது. கால்கள் மிதிப்பதற்கு வேண்டிய விசையை மட்டும் கொடுக்கின்றன. எவ்வளவு? 100 வாட் திறனுடன் நிமிடத்திற்கு 60 சுற்று மிதிப்பவரை எடுத்துக்கொள்வோம். மிதிகட்டையின் தண்டு 17 சென்டிமீட்டர். திறனைக் கோண வேகத்தால் வகுத்து, தண்டின் நீளத்தால் மீண்டும் வகுத்தால் 94 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 9.6 கிலோ. இது சராசரி. மிதி கீழிறங்கும் பாதியில்தான் கால் அழுத்துகிறது என்பதால் உச்சம் இதனைப் போல் இரண்டு மூன்று மடங்காகும். அப்போதும் 20 முதல் 30 கிலோதான். உடல் எடையில் பாதிக்கு மேல் போவதில்லை. ஆனால் மேம்பாலத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தால் முழு எடையும் மிதிகட்டைக்கு வந்துவிடும். இருக்கையைத் தாழ்வாக வைத்து மிதித்தால் முழங்கால் மிகுதியாக மடங்கி, முழங்காற்சில்லின் பின்புறம் அழுத்தம் கூடும். மிதி அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, சற்றே மடங்கியிருப்பது சரியான உயரம்.

நீரிலோ ஆர்க்கிமிடீஸ் நமக்குத் துணை நிற்கிறார். இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்குவது எடையில் ஏறக்குறைய பாதி. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்குதான். நீந்தும்போது கால்களின்மீது எடையே இல்லை எனலாம். தவளைபோல் கால் உதைத்து நீந்துபவர்களுக்கு மட்டும் முழங்காலின் உட்புறம் சற்று இழுபடும். நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவு நீரில் நடந்தாலே நல்ல பயிற்சி. நீரின் தடை மூச்சு வாங்க வைக்கும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் எலிப்டிக்கல் என்றொரு பொறி இருக்கிறது. பாதங்கள் பலகையைவிட்டு எழும்பாமலே ஓடுவது போன்ற அசைவைத் தருவது. பாக்கி விழாததால் இதன் சுமை ஓட்டத்தைவிட நடைக்கே நெருக்கமானது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துத் தருகிறேன். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு பாதத்தின்மீது விழும் உச்ச விசை:

நீச்சல் — ஏறக்குறைய இல்லை
சைக்கிள் (அமர்ந்து) — 20 முதல் 30 கிலோ
சமதரை நடை — 66 முதல் 78 கிலோ
படி இறங்குதல் — சுமார் 90 கிலோ
ஸ்கிப்பிங் (இரு கால், தாழ்வாக) — சுமார் 94 கிலோ
ஓட்டம் — 120 முதல் 180 கிலோ

மூட்டுக்குள் நடப்பது

பாதத்தில் விழும் சுமைதான் முழங்காலிலும் விழுகிறதா? இல்லை, மூட்டின் சுமை அதைவிடப் பெரிது. கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். 10 கிலோ வாளியைத் தூக்கிப் பிடிக்க நாம் மறுபுறம் 10 கிலோ விசையுடன் கயிற்றை இழுக்கிறோம். கப்பியின் அச்சு தாங்குவது 10 கிலோவா? 20 கிலோ. வாளியின் இழுப்பும் நம் இழுப்பும் இரண்டும் அதன்மேல் விழுகின்றன. மூட்டும் அப்படித்தான். உடல் ஒருபுறம் சாயப் பார்க்கிறது. தசை மறுபுறம் இழுத்து நிறுத்துகிறது. இரண்டு விசைகளும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. அதிலும் தசை பற்றியிருக்கும் இடம் மூட்டுக்கு மிக அருகில், நாலைந்து சென்டிமீட்டர் தொலைவில்தான். நெம்புகோலின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து நிறுத்துபவர் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பதை நாம் அறிவோம். முழங்கால் மடங்க மடங்கத் தசையின் விசை பெருகுகிறது. மூட்டின் சுமையும் பெருகுகிறது.

இதனை அளந்தும் பார்த்துவிட்டார்கள். 1966-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் நில்ஸ் ரிடெல், இடுப்பில் பொருத்தும் செயற்கை எலும்புத் தலைக்குள் அழுத்தத்தை உணரும் சிறு கருவிகளை வைத்து, நோயாளி நடக்கும்போதே அளந்தார். பின்னர் பெர்லின் நகர ஆய்வாளர்கள் செயற்கை முழங்கால் மூட்டுக்குள் கருவியையும் சிறு அலைபரப்பியையும் வைத்து ஐவரிடம் அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். சராசரி உச்சச் சுமை, உடல் எடையின் மடங்கில், இவ்வாறு இருந்தது: சமதரை நடையில் 2.6, படி ஏறுகையில் 3.2, படி இறங்குகையில் 3.5. இதே முறையில் சைக்கிள் மிதிக்கும்போது, 120 வாட் வரையிலான திறனில், 1.2 மடங்கு அளவே வந்தது. சைக்கிளில் முழங்கால் தாங்குவது நடையில் தாங்குவதில் பாதிக்கும் குறைவு என்பது இதிலிருந்து பெறப்படும்.

படியைப் பற்றிய எண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆகவே ஏறுவதுதான் கடினம் என்கிறோம். முழங்காலோ இறங்குவதே கடினம் என்கிறது. இறங்கும்போது உடலின் முழு எடையையும், மடங்கிய ஒரு முழங்கால் மெல்ல மெல்லத் தாழ்த்தி இறக்க வேண்டியிருக்கிறது. பழனிக்குச் செல்லும் பெரியவர்கள் பலர் விஞ்சில் மேலே சென்று, தரிசனம் முடிந்தபின் அறுநூறுக்கு மேற்பட்ட படிகளையும் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர், இதயம் நன்றாக இருக்குமானால், இதனைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளலாம்: நின்று நின்று ஏறிவிட்டு, விஞ்சில் இறங்கலாம்.

ஓர் அடியும் ஓராயிரம் அடியும்

உச்ச விசையை மட்டும் பார்த்தால் ஓட்டமே கொடியது, நீச்சலே நல்லது என்று தீர்ப்பு எழுதிவிடலாம். அத்தீர்ப்பு அரைகுறையானது. எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கிலோமீட்டரை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 12 நிமிடமாகும். நிமிடத்திற்கு 110 அடி என்று கொண்டால் மொத்தம் 1,320 அடி. ஒரு காலுக்கு 660. அதே தொலைவை மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 6 நிமிடம் 40 விநாடி. நிமிடத்திற்கு 160 அடி என்றால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 530 அடி. தரையின் சராசரி விசை இரண்டிலும் ஒன்றே என்று முன்னர்க் கண்டோம். எனவே விசையை நேரத்தால் பெருக்கிப் பார்த்தால், அந்த ஒரு கிலோமீட்டருக்குக் கால்கள் பெறும் மொத்தத் தாக்கம் நடையைவிட ஓட்டத்தில் குறைவு! மூட்டுக்குள் விழும் சுமையைக் கணக்கிட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வும் இதற்கு நெருங்கிய முடிவையே சொல்கிறது. முழங்காலின் உச்சச் சுமை ஓட்டத்தில் நடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் கடந்த தொலைவுக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மறுபுறம், மென்மையான நடையும் எலும்பை முறிக்க வல்லது. 1855-இல் பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹௌப்ட், நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த இளம் வீரர்களின் பாதங்கள் வலித்து வீங்குவதைக் குறித்து எழுதினார். அவர்கள் விழவுமில்லை, அடிபடவுமில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபின் 1897-இல் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் அது பாத எலும்பின் முறிவு என்று தெரிந்தது. இன்றும் அதற்கு அணிவகுப்பு முறிவு என்றே பெயர். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதைப் போன்ற களைப்பு முறிவு இது.

என் நண்பனுக்கு நேர்ந்ததும் இதுவே. எலும்பு கம்பியைப் போல் உயிரற்ற பொருளன்று. தேய்ந்த இடத்தைப் புதுப்பித்துக்கொள்வது. ஆனால் பழைய சாலையைத் தோண்டிவிட்டுப் புதுச் சாலை போடுவதைப் போல, முதலில் பழைய பகுதி அரிக்கப்படுகிறது. அதற்குச் சில வாரங்கள். பின்னர்ப் புதிய எலும்பு படிகிறது. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள். திடீரென்று கடுமையாகத் தொடங்கிய பயிற்சியின் மூன்றாம் நான்காம் வாரங்களில் எலும்பு முன்பைவிட வலுக் குறைந்திருக்கிறது. இதயமும் தசையும் அதற்குள் நன்கு பழகிவிடுவதால், மூச்சு வாங்குவது குறைந்து, இன்னும் ஓடலாம் என்ற துணிவும் அப்போதுதான் வருகிறது. ஐந்து வாரப் பயிற்சியின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சுமை பகையன்று

அப்படியானால் கால்களுக்குச் சுமையே கொடுக்காமல் இருப்பது நல்லதா? 1892-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப், எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார். விண்வெளி வீரர்கள் இதற்குச் சான்று. எடையற்ற நிலையில் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்திற்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை அடர்த்தி இழக்கிறது. மண்ணில் இருந்தாலும், சைக்கிள் மட்டுமே ஓட்டும் பந்தய வீரர்களின் முதுகெலும்பு அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதயம் இரும்பாக இருந்தும் எலும்புக்கு வேலை இல்லாததே காரணம்.

குருத்தெலும்பும் அப்படியே. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தியும் விரிந்தும் பஞ்சு நீர் உறிஞ்சுவதைப் போல மூட்டு நீரிலிருந்து ஊட்டம் பெறுகிறது. “நடக்கவே கூடாது” என்ற அறிவுரை என் அத்தையின் முழங்காலைப் பட்டினி போடும் அறிவுரையாகும். ஓடினால் மூட்டுத் தேயும் என்பதும் அளவோடு ஓடுபவர்க்குப் பொருந்தவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரையின்படி, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது, மகிழ்ச்சிக்காக ஓடுபவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு, ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 பேருக்கு, போட்டிக்காக மிகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 பேருக்கு. நலமுள்ளவர்களே ஓட வருகிறார்கள் என்பதும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகலாம். எனினும் அளவான ஓட்டம் மூட்டுக்குப் பகை என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை.

யாருக்கு எது?

தேர்வுக்கு ஓடும் நண்பர்கள் அறிவிப்பு வந்தபின் தொடங்காமல், நான்கு மாதங்கள் முன்னதாகவே தொடங்குங்கள். முதல் வாரங்களில் நடையும் ஓட்டமும் கலந்து செய்யுங்கள். வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் தொலைவைக் கூட்டாதீர்கள் என்பது பயிற்சியாளர்கள் வழங்கிவரும் அறிவுரை. நாள்தோறும் ஓட வேண்டுவதில்லை. இடைநாள்களில் சைக்கிளோ நீச்சலோ செய்தால் இதயத்தின் பயிற்சி தடைபடாது. எலும்புக்கு ஓய்வும் கிட்டும். அடியை நீட்டி வைக்காமல் சற்றுக் குறுக்கி, நிமிடத்திற்கான எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்காலின் சுமை குறையும். எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்தால் சுட்டிக்காட்டக்கூடிய வலி தோன்றினால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் காணுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுவது வீரமன்று.

ஐம்பதைக் கடந்த பேராசிரியப் பெருமக்களுக்கும் நம் பெற்றோர்க்கும் சமதரை நடை போதுமானது. எலும்புக்கும் குருத்துக்கும் வேண்டிய சுமை அதில் உண்டு. முழங்கால் வலி மிகுந்த நாள்களில் அதனைச் சைக்கிளாக மாற்றிக்கொள்ளலாம். வலி தணிந்ததும் நடைக்குத் திரும்ப வேண்டும். உடல் எடை மிகுந்தவர்கள் சைக்கிளிலும் நீரிலும் தொடங்கி, எடை குறையக் குறைய நடைக்கு வரலாம். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று மூட்டுத் தேய்வு உள்ளவர்களிடம் செய்து 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. 5 கிலோ குறைத்தவர்க்கு அடிக்கு 20 கிலோ. ஒரு கிலோமீட்டர் நடையில் ஒரு முழங்காலுக்கு 660 அடி என்று முன்னர்க் கண்டோம். பெருக்கினால் 13,200 கிலோ. ஒரு லாரிப் பாரம் மிச்சம்!

என் அத்தை இப்போது மாலைதோறும் கோயில் குளக்கரையைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிறார். படிக்கட்டில் இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். நண்பனின் எலும்பு கூடிவிட்டது. அடுத்த தேர்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே நடையில் தொடங்கியிருக்கிறான். திடலுக்கு வரும் மற்ற நண்பர்களும் ஓடத் தொடங்குமுன் நாள்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.